தெளிந்த நீரில் இன்னும் என்ன இருக்கிறது? சுத்திகரித்த கழிவுநீரை வயலுக்குப் பாய்ச்சுமுன்

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் நீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நிலையம் ஒழுங்காக இயங்கினால் கிணற்று நீருக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முகர்ந்தால் லேசாக மண்வாடை அடிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் கிருமி நீக்கம் செய்யாத அந்த நீரின் 100 மில்லிலிட்டரில் லட்சக்கணக்கில் குடல் பாக்டீரியா இருக்கும். ஒரு பருவம் முழுக்க ஒரு ஏக்கருக்குப் பாய்ச்சினால் ஒரு டன்னுக்கு மேல் உப்பும், 100 கிலோ யூரியாவுக்கு ஈடான தழைச்சத்தும் வயலில் இறங்கலாம். இந்த மூன்றில் எதையும் கண் காட்டிக்கொடுக்காது.

அதனால் "இது சுத்தமான நீரா, அழுக்கு நீரா" என்று கேட்டுத் தொடங்கினால் வழி தவறிவிடும். கிருமி, உரம், உப்பு மூன்றும் மூன்று தனிக் கணக்கு. கிருமியை நிலையத்தில் கழிக்க வேண்டும். உரத்தை உரக் கணக்கில் கழிக்க வேண்டும். உப்பை வயலில்தான் கழிக்க முடியும். கிருமியே இல்லாத நீர் பயிரைக் கருக்கலாம். பயிரைச் செழிக்க வைக்கும் நீர் அதைப் பறிப்பவருக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கலாம்.

நிலையம் எதை எடுக்கும், எதை விடும்

சமையலறை, குளியலறை, சலவை, கழிப்பறை நான்கிலிருந்தும் வரும் வீட்டுக் கழிவுநீரில் 99.9 சதவீதம் தண்ணீர்தான். மீதியுள்ள துளியில்தான் மலம், சிறுநீர், சோப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் அடங்கியிருக்கின்றன.

முதல்நிலைச் சுத்திகரிப்பில் கம்பிச் சல்லடை துணி, பிளாஸ்டிக் போன்றவற்றைப் பிடிக்கும். மணல் தொட்டியில் மணல் இறங்கும். படிவுத் தொட்டியில் கனமான கசடு அடியில் தங்கும். இதில் மிதக்கும் திடப்பொருள் பாதியளவு குறையும், கரைந்தது அப்படியே இருக்கும். இரண்டாம் நிலையில் காற்றை ஊதி பாக்டீரியாவை வளர்த்து, கரைந்திருக்கும் அழுக்கை அவற்றைத் தின்னவைத்து, கொழுத்த பாக்டீரியாவைப் படியவைத்துப் பிரிக்கிறார்கள். லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் இருந்த பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு; அழுக்கின் அளவுகோல்) 20–30க்கு இறங்குவது இங்கேதான். நீர் தெளிவதும் இங்கேதான். மூன்றாம் நிலை என்பது மணல் வடிகட்டியும், அதற்குப் பின் குளோரின் அல்லது புற ஊதா விளக்கும்.

இரண்டாம் நிலையோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இது. சுத்திகரிக்காத கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 1 கோடி ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் குடல் பாக்டீரியா) இருக்கும். இரண்டாம் நிலை 99 சதவீதத்தை நீக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையாக இருக்கிறது. மிஞ்சுவது 1 லட்சம். 99.9 சதவீதம் நீக்கினாலும் 10,000 மிஞ்சும். அதனால்தான் இந்தத் துறையில் சதவீதத்தை விட்டுவிட்டு "படி" கணக்கில் பேசுகிறார்கள்: ஒரு படி குறைந்தது என்றால் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. 1 கோடியிலிருந்து 1,000க்கு வர 4 படி இறங்க வேண்டும். சாதாரண இரண்டாம் நிலை நிலையம் 1 முதல் 2 படி இறக்கும்.

உப்பு? எந்த நிலையிலும் ஒரு சிட்டிகைகூடக் குறையாது. கரைந்த உப்பைத் தின்னும் பாக்டீரியா இல்லை, அதைப் பிடிக்கும் மணலும் இல்லை. சவ்வு வழியாக எதிர்ச்சவ்வூடுபரவல் செய்தால் மட்டுமே எடுக்கலாம்; பாசனத்துக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் எவ்வளவு மிஞ்சும் என்பது நிலையத்தைப் பொறுத்தது. ஏரி, ஆற்றில் விடுவதற்காகக் கட்டிய நிலையம் அவற்றை வலிந்து எடுத்துவிடும். பாசனத்துக்கென்றே கட்டும் நிலையத்தில் அதைச் செய்வது, உரத்தைக் காசு கொடுத்து அழித்துவிட்டு வெளியே போய்க் காசு கொடுத்து உரம் வாங்குவது போல.

செப்டிக் டேங்க் நீரைப் பற்றி ஒரு வார்த்தை. அது முதல்நிலைக்குச் சற்று மேல், அவ்வளவே. டேங்கிலிருந்து வழியும் நீரை நேரே வாய்க்காலில் விடுவதைச் சுத்திகரித்த நீரைப் பாய்ச்சுவதாகச் சொல்ல முடியாது.

இயந்திரம் இல்லாத வழி: குளங்கள்

நிலம் தாராளமாகவும் வெயில் நன்றாகவும் உள்ள இடத்தில், விவசாயத்துக்கு ஏற்ற சுத்திகரிப்பு எது என்று கேட்டால் வரிசையாக வெட்டிய நிலைப்படுத்தல் குளங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் குளம் 2 முதல் 5 மீட்டர் ஆழம், காற்றில்லாதது. கசடு இங்கே தங்கிச் செரிக்கும். இரண்டாவது 1 முதல் 2 மீட்டர். மேலே பாசி, கீழே காற்றில்லாத அடுக்கு. அதற்குப் பின் ஒரு மீட்டர் ஆழமுள்ள முதிர்வுக் குளங்கள் ஒன்றோ இரண்டோ மூன்றோ. எல்லாம் சேர்ந்து நீர் 20 முதல் 30 நாள் உள்ளே இருக்கும்.

முதிர்வுக் குளத்தில் கிருமி சாவதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. பகலில் பாசி கரியமிலவாயுவை உறிஞ்சுவதால் நீரின் பி.எச். 9க்கு மேல் ஏறும். அந்தக் காரத்தன்மையும் வெயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து குடல் பாக்டீரியாவைக் கொல்கின்றன. மின்சாரம் போனாலும் குளம் நிற்காது. புழு முட்டைகளைப் பொறுத்தவரை குளத்துக்கு நிகர் வேறில்லை: 8 முதல் 10 நாள் அசையாமல் இருந்தாலே அநேகமாக எல்லாம் அடியில் படிந்துவிடும்.

குளம் கெட்டுப்போவது பெரும்பாலும் குறுக்குவழியால்தான். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் ஒரே பக்கம் இருந்தாலோ, காற்று வீசும் திசை நீரை நேரே வெளிவாயிலுக்குத் தள்ளினாலோ, 10 நாள் இருக்க வேண்டிய நீர் இரண்டே நாளில் வெளியேறிவிடும். காகிதத்தில் 10 நாள், குளத்தில் இரண்டு நாள். இரண்டு குழாய்களையும் எதிரெதிர் மூலைகளில் வைத்து, இடையில் தடுப்புச் சுவர் கட்டுவது இதற்காகவே. முதல் குளத்தில் கசடு மூன்றில் ஒரு பங்கை நிரப்பியதும் தூர்வாராவிட்டாலும் இதே கதி.

கிருமிக் கணக்கு

புழு முட்டையைத் தனியாகப் பேச வேண்டும். உருளைப்புழுவின் முட்டை சுமார் 50 மைக்ரான். அதன் தோல் தடித்தது. குளோரின் அதை ஒன்றும் செய்யாது. வழக்கமான புற ஊதா விளக்கும் போதாது. மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சொட்டுநீருக்குப் போடும் 130 மைக்ரான் டிஸ்க் ஃபில்டர் வழியே சாவகாசமாக நுழைந்துவிடும். படியவைப்பதும் மணலில் வடிப்பதும் மட்டுமே வழி. லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மெக்சிகோ நகரின் கழிவுநீர் நூறாண்டுக்கும் மேலாகப் பாயும் மெஸ்கிட்டால் பள்ளத்தாக்கில், சுத்திகரிக்காத நீரில் விவசாயம் செய்த குடும்பங்களின் குழந்தைகளிடம் இந்தப் புழுத்தொற்று அதிகமாக இருந்ததை ஆய்வுகள் காட்டின.

பாக்டீரியா, வைரஸ் விஷயத்தில் இரண்டு விதமான அணுகுமுறைகள் உண்டு. ஒன்று, எல்லாப் படியையும் நிலையத்திலேயே இறக்கிவிடுவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020/741 விதி 2023 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. பச்சையாக உண்ணும், நீர் நேரே படும் பயிருக்கு அது கேட்கும் முதல் தர நீரில் 100 மில்லிலிட்டருக்கு 10 ஈ.கோலைக்கு மேல் கூடாது, பி.ஓ.டி. லிட்டருக்கு 10 மில்லிகிராமையும், கலங்கல் 5 என்.டி.யு.வையும் (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது. கலிஃபோர்னியாவின் மான்டரே வட்டாரம் 1998 முதல் மூன்றாம் நிலை வரை சுத்திகரித்த நீரில்தான் லெட்யூஸ் போன்ற பச்சைக் காய்கறிகளை விளைவிக்கிறது. வசதியுள்ளவர்களுக்கு இது நேரான வழி.

மற்றொன்று, தடைகளை அடுக்குவது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல் இந்த வழியைத்தான் காட்டுகிறது. தரையொட்டி வளரும், பச்சையாக உண்ணும் இலைப் பயிருக்கு மொத்தம் 6 படி இறங்க வேண்டும் என்று வைத்து, அந்த 6 படியை எங்கெங்கே இறக்கலாம் என்று பார்க்கிறது. குளங்களில் 3 படி. கடைசிப் பாசனத்துக்குப் பின் அறுவடைவரை காத்திருந்தால், வெயிலையும் வெப்பத்தையும் பொறுத்து நாளுக்கு அரைப் படி முதல் 2 படி வரை தானே சாகும். இதில் 2 படி எடுத்துக்கொள்ளலாம். நல்ல நீரில் கழுவினால் 1 படி. மொத்தம் 6. உயரமாகக் காய்க்கும் பயிருக்கு, விழுந்ததைப் பொறுக்காமல் இருந்தால், சொட்டுநீர் மட்டுமே 4 படிக்குச் சமம். சமைத்தால் 6 முதல் 7 படி.

இந்த முறையில் ஒரு பலவீனம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. தடைகளில் பாதி மனிதர் கையில் இருக்கிறது. சந்தையில் விலை ஏறும் நாளில் "இன்னும் இரண்டு நாள் காத்திரு" என்பதை யார் கேட்பார்? பறித்த கீரை வாடாமலிருக்க அதே வாய்க்கால் நீரைத் தெளித்தால், இறங்கிய படியெல்லாம் ஒரே நொடியில் திரும்ப ஏறிவிடும். ஆகவே அடுக்கும் தடைகளில் குறைந்தது ஒன்றாவது யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பாததாக இருக்கட்டும்: பயிர்த் தேர்வு அப்படிப்பட்டது. பருத்தி, தீவனப்புல், மரக்கன்று, எண்ணெய் வித்து போட்டால் பச்சையாகத் தின்ன அங்கே ஒன்றுமில்லை. தொடங்குபவர்கள் முதல் இரண்டு ஆண்டு இவற்றோடு நிற்பது நல்லது. 1970இல் ஜெருசலேமில் வந்த காலராவும், சிலி நாட்டின் சாண்டியாகோவில் நெடுங்காலம் நீடித்த டைஃபாய்டும், கழிவுநீர் பாய்ந்த பச்சைக் காய்கறிகள் வழியே பரவியவை.

கிருமி நீக்கத்தில் தவறுவது எங்கே? குளோரினில்: நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து வலுக்குறைந்த வடிவமாக மாறிவிடும். போட்ட அளவைப் பார்த்து நிம்மதியடையாமல், 30 நிமிடம் கலந்திருந்தபின் மிஞ்சும் அளவைச் சோதிக்க வேண்டும். மிஞ்சுவது லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் இலை கருகும். புற ஊதாவில்: கலங்கல் இருந்தால் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும்; விளக்கின் கண்ணாடி உறையில் படலம் படிந்தால் விளக்கு எரியும், வேலை நடக்காது.

உரக் கணக்கு

நினைவில் வைக்க ஒரே ஒரு சூத்திரம் போதும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள பொருள், 1,000 கன மீட்டர் நீரில் 1 கிலோ.

ஒரு ஏக்கருக்கு ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது சுமார் 4 கன மீட்டர். ஒரு பருவத்தில் 400 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 1,620 கன மீட்டர், அதாவது 16 லட்சம் லிட்டர் சொச்சம். நீரில் தழைச்சத்து லிட்டருக்கு 30 மில்லிகிராம், மணிச்சத்துத் தனிமம் 6, சாம்பல் சத்துத் தனிமம் 15 என்று ஆய்வறிக்கை சொன்னால், ஏக்கருக்கு முறையே 49, 10, 24 கிலோ. உர மூட்டையில் அச்சிட்டிருக்கும் வடிவத்துக்கு மாற்ற, மணிச்சத்தை 2.29ஆல் பெருக்கினால் 22. சாம்பல் சத்தை 1.2ஆல் பெருக்கினால் 29. 49 கிலோ தழைச்சத்து 106 கிலோ யூரியாவுக்குச் சமம்.

ஆக, வழக்கமாக ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்து இடும் பயிருக்கு யூரியாவை அநேகமாக முழுவதும் நிறுத்திவிடலாம். நிறுத்தாமல் பழக்கதோஷத்தில் அதையும் போடுபவர்கள்தான் "இந்த நீர் பயிரைக் கெடுக்கிறது" என்று முடிவுக்கு வருகிறார்கள். கெடுத்தது நீரல்ல, இரட்டை உரம். தானியம் தளதளவென்று வளர்ந்து கதிர் பிடிக்கும் நேரத்தில் சாயும். பருத்தி இலையாகத் தழைத்துக் காய் வெடிக்கத் தாமதிக்கும். கரும்பில் சர்க்கரை குறையும். பழம் பெருக்கும், இனிக்காது.

கணக்கில் இன்னொரு சிக்கல், உரம் வரும் நேரம். மூட்டை உரத்தை வேண்டும்போது போடலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். இந்த நீரில் உரமும் தண்ணீரும் ஒட்டிப் பிறந்தவை. பயிர் முதிரும் காலத்தில் தண்ணீர் மட்டும் வேண்டும், தழைச்சத்து வேண்டாம். ஆனால் நீர் இரண்டையும் சேர்த்தே தரும். கடைசி நான்கைந்து பாசனத்துக்கு நல்ல நீர் கிடைக்குமானால் அதை அந்தக் கட்டத்துக்கு ஒதுக்குங்கள். பயிர் எடுக்காத தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்கும்; நிலத்தடி நீரில் போய்ச் சேர்ந்தால் அது பக்கத்துக் கிணற்றின் பிரச்சினையாகிவிடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரைதான் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள எல்லை.

உப்புக் கணக்கு

ஒரு வீட்டுக்குள் போய் வெளியே வரும் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 200 முதல் 400 மில்லிகிராம் உப்பு கூடிவிடும். சிறுநீர், சமையல், சலவைத்தூள் எல்லாமே காரணம். வீடுகளில் நீர் மென்மையாக்கும் கருவி இருந்தால் அது கழுவிவிடும் உப்பும் சேரும். அளப்பது எளிது: கையடக்க இ.சி. மீட்டரை நீரில் முக்கினால் மின்கடத்துத்திறன் டெசிசீமன்ஸில் வரும். அதை 640ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று தோராயமாகத் தெரியும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வரம்பில் 0.7க்குக் கீழ் கவலையில்லை, 0.7 முதல் 3 வரை கவனம், 3க்கு மேல் கடும் கட்டுப்பாடு.

இ.சி. 1.2 என்று எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 770 மில்லிகிராம். மேலே சொன்ன 1,620 கன மீட்டரில் 1,240 கிலோ. பயிர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பை வேரடியில் விட்டுவிடும். அதைக் கீழே கழுவித் தள்ள, பயிர்த் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு: பயிர் விளைச்சல் குறையாமல் தாங்கும் மண் இ.சி.யை 5ஆல் பெருக்கி, அதிலிருந்து நீரின் இ.சி.யைக் கழித்து, வருவதால் நீரின் இ.சி.யை வகுக்க வேண்டும். மக்காச்சோளம் தாங்குவது 1.7, 8.5இலிருந்து 1.2 போனால் 7.3, 1.2ஐ 7.3ஆல் வகுத்தால் 16 சதவீதம். பீன்ஸ் தாங்குவது 1 மட்டுமே, அதற்கு 32 சதவீதம். பார்லி 8 வரை தாங்கும், அதற்கு 3 சதவீதம் போதும். ஒரே நீர், பயிர் மாறினால் கணக்கு பத்து மடங்கு மாறுகிறது.

இங்கே உரக் கணக்கும் உப்புக் கணக்கும் மோதிக்கொள்கின்றன. உப்பைக் கழுவ விடும் கூடுதல் நீர் நைட்ரேட்டையும் சேர்த்துக் கீழே தள்ளும். எனவே ஒவ்வொரு பாசனத்திலும் கூட்டிப் பாய்ச்சாமல், தழைச்சத்தைப் பயிர் எடுத்து முடித்தபின், அறுவடைக்குப் பிறகோ மழைக்காலத்தையொட்டியோ ஒரே தடவையாகக் கழுவுவது மேல். வடிகால் இருந்தால்தான் இது நடக்கும். நிலத்தடி நீர்மட்டம் இரண்டு மீட்டருக்குள் இருந்து, வடிகாலும் இல்லையென்றால் கழுவிய உப்பு அடுத்த கோடையில் மேலே ஏறி வந்துவிடும்.

சோடியம் இதைவிடத் தந்திரமானது. களிமண்ணில் சோடியம் மிகுந்தால் மண்துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். ஆனால் பாசனக் காலம் முழுக்க ஒன்றும் தெரியாது, ஏனென்றால் நீரில் உள்ள மொத்த உப்பே துகள்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். முதல் நல்ல மழை பெய்து உப்பு கழுவப்பட்டதும் மண் கரைந்து, மேலே வழுவழுவென்று சேறாகி, காய்ந்ததும் ஓடு போல இறுகும். தண்ணீர் இரண்டு நாளாக வயலில் நிற்கும். பழியை மழை வாங்கிக்கொள்ளும். ஆய்வறிக்கையில் எஸ்.ஏ.ஆர். என்ற சோடியம் விகிதம் 6ஐத் தாண்டினால், மழைக்கு முன்பே ஜிப்சம் இட்டுவிடுவது நல்லது. அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

போரானும் சலவைத்தூள் வழியாக வரும். லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் பொதுவாகப் பாதகமில்லை, எலுமிச்சை வகைகள் மட்டும் அதற்கும் முன்பே வாடத் தொடங்கும். முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் கருகுவது அடையாளம். நிலையத்தில் இதை எடுக்க வழியில்லாததால், கழிவுநீரில் 80 சதவீதத்துக்கும் மேல் மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் இஸ்ரேல், சலவைத்தூளிலேயே போரான் அளவுக்கு வரம்பு போட்டுவிட்டது. மூலத்திலேயே தடுப்பது என்றால் இதுதான்.

எவ்வளவு நீருக்கு எவ்வளவு நிலம்

1,000 பேர் உள்ள குடியிருப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் தினம் 100 கன மீட்டர் வரும். பயிருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தேவையென்றால் ஹெக்டேருக்கு 50 கன மீட்டர். ஆக 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர். இதில் மறந்துவிடும் விஷயம், மழை பெய்தாலும் குடியிருப்பிலிருந்து நீர் வந்துகொண்டே இருக்கும் என்பது. 30 நாள் தேக்க 3,000 கன மீட்டர். 2 மீட்டர் ஆழமென்றால் 1,500 சதுர மீட்டர் குட்டை. இந்தக் குட்டைக்கு இடம் ஒதுக்காத திட்டங்கள் மழைக்காலத்தில் ஈர வயலிலேயே நீரைக் கொட்டி வேரை அழுகவைக்கின்றன.

தேக்கத்திலிருந்து உறிஞ்சும் குழாயை மிதவையில் கட்டி, நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே தொங்கவிடுங்கள். அதற்கு மேலே பாசி, அடியில் கசடும் அழுகல் வாடையும்.

சொட்டுநீர்: அடைப்போடு வாழ்வது

கிருமி பார்வையில் சொட்டுநீர் சிறந்தது. நீர் இலையில் படாது, ஆள் காலில் படாது. தெளிப்பான் அதற்கு நேர் எதிர். துளிகள் காற்றில் மிதந்து போகும். தெளிப்பான்தான் வேண்டுமென்றால் காற்றில்லாத இரவில், வீட்டுக்கும் சாலைக்கும் 50 முதல் 100 மீட்டர் தள்ளி, கிருமி நீக்கிய நீரில் மட்டும். பாத்தியில் பாய்ச்சுவது மலிவு, உழைப்பாளிக்கு ஆபத்து அதிகம். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியே நுழையும், ஆகவே பூட்ஸ் இல்லாமல் வயலில் இறங்கக்கூடாது.

சொட்டுநீரின் தலைவலி அடைப்பு. சொட்டுவானுக்குள் நீர் போகும் பாதை ஒரு மில்லிமீட்டர் அளவே. மணல் துகளைவிட அதை அடைப்பது பாக்டீரியா கட்டும் கொழகொழப்பான படலம்; அதில் பாசியும் களிமண்ணும் ஒட்டி வளரும். நீரில் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் சமாளிக்கலாம், 100ஐத் தாண்டினால் போராட்டம்தான். குளத்து நீரில் பாசி இருப்பதால் இந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். அதனால் முதலில் மணல் வடிகட்டி, அதன்பின் 130 மைக்ரான் டிஸ்க் ஃபில்டர் என்ற வரிசை. டிஸ்க் ஃபில்டரை மட்டும் போட்டு மிச்சம் பிடித்தால், பாசி அதை மணிக்கொரு தரம் கழற்ற வைக்கும்.

குழாயை அலசுவதில் வரிசை முக்கியம்: முதலில் மெயின் (தலைக்குழாய்), அடுத்து சப்மெயின் (கிளைக்குழாய்), கடைசியாக லேட்டரல் (சொட்டுவான்கள் உள்ள மெல்லிய குழாய்). வரிசை மாறினால் மெயினில் உள்ள அழுக்கு லேட்டரலுக்குள் போய்ச் சேரும். லேட்டரலின் முனை மூடியை ஒரு சமயத்தில் நான்கைந்துக்கு மட்டும் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் வேகம் செத்துவிடும், நீர் ஒழுகும், படலம் அசையாது. திறந்ததும் முதலில் கருஞ்சிவப்பாகச் சளி போல வரும், பிறகு துணுக்குத் துணுக்காக, பிறகு தெளியும். வேகம் போதுமா என்று பார்க்க ஒரு வாளி போதும். 16 மில்லிமீட்டர் லேட்டரலின் முனையில் நிமிடத்துக்கு 4 முதல் 5 லிட்டர் விழுந்தால் உள்ளே நீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். வாரம் ஒரு முறை தொடங்கி, வரும் அழுக்கைப் பார்த்து இடைவெளியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அலசல் போதாதபோது குளோரின். 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் லிட்டருக்கு 100 கிராம் குளோரின் இருக்கும். மணிக்கு 10 கன மீட்டர் ஓடும் அமைப்பில், லிட்டருக்கு 10 மில்லிகிராம் கிடைக்க மணிக்கு 1 லிட்டர் கரைசல் செலுத்த வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம். ஃபில்டருக்கு முன்னால் செலுத்தி, கடைசி லேட்டரலின் முனையில் 1 முதல் 2 மில்லிகிராம் மிஞ்சுகிறதா என்று சோதித்தால்தான் வேலை நடந்ததாக அர்த்தம். சுண்ணாம்புப் படிவை நீக்க அமிலம் விடுபவர்கள் அதையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாகவோ ஒரே தொட்டியிலோ விடக்கூடாது. கிளம்புவது குளோரின் வாயு, ஆளைக் கொல்லும்.

எப்போது எதைச் சோதிப்பது

முதல் சொட்டு பாயுமுன் ஒரு முழு ஆய்வு: இ.சி., பி.எச்., எஸ்.ஏ.ஆர்., குளோரைடு, போரான், தழை, மணி, சாம்பல் சத்துகள், ஈ.கோலை, புழு முட்டை, கன உலோகங்கள். அதன்பின் இ.சி. வாரம் ஒரு முறை, அது கையிலேயே முடியும். ஈ.கோலை மாதம் ஒரு முறையாவது. சத்துகள் பருவத்துக்கு ஒரு முறை, உரக் கணக்கு அதை நம்பியே இருக்கிறது. மண்ணை ஆண்டுக்கு ஒரு முறை 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். மேலிருந்து கீழே போகப்போக இ.சி. ஏறினால் கழுவல் நடக்கிறது. மேலேயே அதிகமாக இருந்தால் நடக்கவில்லை.

வாரம் ஒரு முறை அளக்கும் இ.சி. திடீரென்று தாவினால் உப்புக் கவலை மட்டும் படாதீர்கள். கழிவுநீர்க் குழாயில் யாரோ வீட்டுக் கழிவல்லாத ஒன்றைக் கலந்திருக்கக்கூடும். சாயப்பட்டறை, தோல் பதனிடும் இடம், முலாம் பூசும் பட்டறை ஆகியவற்றின் நீர் ஒரே ஒரு இடத்தில் சேர்ந்தாலும் குரோமியம், காட்மியம் போன்றவை வரும். காட்மியத்துக்குப் பாசன நீரில் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். உலோகம் மண்ணில் ஒருமுறை ஏறினால் கழுவி இறக்க முடியாது. அப்படிப்பட்ட இணைப்பு இருப்பது தெரிந்தால், துண்டிக்கும்வரை அந்த நீரை எடுக்காதீர்கள். மருந்து எச்சங்கள் வேறு ரகம்: வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் சாதாரணச் சுத்திகரிப்பில் அவ்வளவாகக் குறைவதில்லை, இலைகளில் சேர்கிறது. அளவு மிகச் சிறியது. ஆனாலும் கீரையைவிடக் கதிர்ப் பயிரைத் தேர்ந்தெடுக்க இது இன்னொரு காரணம்.

குழாய்களுக்கு ஊதா நிறம் அடிப்பது பல நாடுகளில் வழக்கம், குடிநீர்க் குழாயோடு யாரும் தவறி இணைத்துவிடாமலிருக்க. வயலில் உள்ள குழாய்களில் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். தாகமெடுத்த ஆள் பலகையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

கடைசியாக, நிலையம் நின்றுபோகும் நாள். மின்சாரம் போய் ஊதுகுழல் பல மணி நேரம் நின்றால் பாக்டீரியா மூச்சுத்திணறி, படிய வேண்டிய கசடு நீரோடு கலந்து வெளியே வரும். வயலுக்குப் போகும் குழாயில் ஒரு திருப்பு வால்வும், குறைந்தது ஒரு நாள் நீரைத் தாங்கும் தனித்தொட்டியும் இருக்க வேண்டும். நிலையத்திலிருந்து வயலுக்கு யார் தகவல் சொல்வது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நிலையம் திரும்ப இயங்கியதும் வால்வை உடனே திறக்காதீர்கள். குடுவையில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் கசடு படிந்தால் நீர் இன்னும் தனித்தொட்டிக்கே போகட்டும். தெளிந்து வந்தாலும் குளோரின் மிச்சத்தைச் சோதித்துவிட்டு, மெயினை முதலில் அலசிய பிறகே லேட்டரல்களைத் திறக்க வேண்டும்.